போகிற தூரம், வருகிற தூரம்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்டால், "போறது யாரு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கிழவிக்குக் குசும்பு என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். திருச்சி பஞ்சப்பூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே 'ஜெசிந்தா டிராவல்ஸ்' என்று பலகை மாட்டி, பாதி ஆயுளை டிக்கெட் போட்டே கழித்தவள் நான். பூமி உருண்டை, அது எல்லாருக்கும் ஒரே உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் எனக்கும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடை வைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய புளுகு என்று புரிந்தது.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, காசு இருக்கிறவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் பறந்தான். அப்புறம் அந்தக் கொடும் வெயில் வருடங்கள் வந்தன. வயலூர் ரோட்டில் காக்கைகள் பறந்தபடியே செத்து விழுந்த கோடைகள் அவை. உலக அரசாங்கங்களெல்லாம் கூடி உட்கார்ந்தன. விமானப் புகைதான் பெரிய பாவி என்று கண்டுபிடித்து, பிறக்கிற ஒவ்வொரு மனிதனுக்கும் ஆயுள் முழுக்க எழுபதாயிரம் கிலோமீட்டர் என்று எழுதிவைத்தன. அதற்கு 'வானளவு' என்று பெயர். கோடீஸ்வரனுக்கும் எழுபதாயிரம், கொத்தனாருக்கும் எழுபதாயிரம். அந்தச் செய்தியைக் கேட்டு நான்கூடக் கை தட்டினேன். வெட்கக்கேடு.

அதிலிருந்த சூட்சுமம் பிறகுதான் பிடிபட்டது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே உள்ள தூரத்தை அவர்கள் எண்ணவில்லை. நீங்கள் ஏறிய விமானம் சுற்றிய சுற்றை எண்ணினார்கள். பணம் உள்ளவன் நேர் விமானத்தில் ஏறி நேராகப் போய் இறங்குகிறான், அவனுக்குத் தூரம் குறைவு. எங்கள் ஆள் மலிவு டிக்கெட்டில் மூன்று ஊரில் இறங்கி ஏறி வந்து சேருகிறான். அந்தச் சுற்றெல்லாம் அவன் தலையில் விழுகிறது. அவன் என்ன ஊர் சுற்றிப் பார்க்கவா போனான்? நடுவழி விமான நிலையங்களில் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்துவிட்டு வந்தான். அதற்கு அவன் ஆயுளில் கை வைக்கிறார்கள்.

இந்த எரிச்சலோடுதான் தினமும் கடை திறப்பேன். அப்படி ஒரு நாள் காலையில் இரண்டு பெண்கள் வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சண்டை.

"நீ பேசாத அபி. எல்லாம் உன்னாலதான்."

"நான் என்ன அண்ணி பண்ணேன்? தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே புள்ளைக்குக் காது குத்தணும்? வேற எவன் மடியில கொண்டுபோயி உக்கார வெக்கச் சொல்றீங்க?"

"ஒரு வருஷம் தள்ளி வெச்சிருந்தா காது என்ன காணாமப் போயிடுமா?"

இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். துறையூர்ப் பக்கம். மூத்தவள் ஹர்ஷினி. இளையவள் அபிநயா, ஹர்ஷினியின் நாத்தனார். அபிநயாவின் அண்ணன் கவின்ராஜ்தான் ஹர்ஷினியின் புருஷன். அவன் மலேசியாவுக்குப் போய்வந்த காலத்திலிருந்து எனக்கு வாடிக்கை. அபிநயா மகனின் காது குத்துக்கு அவன் ஊருக்கு வர டிக்கெட் போட்டதும் நான்தான்.

"சண்டைய அப்புறம் வெச்சுக்கங்க. மொதல்ல உக்காருங்க. கவினுக்கு என்ன?" என்றேன்.

ஹர்ஷினி கைப்பேசியை என் மேசைமேல் வைத்தாள். "அவரு வேலை அடுத்த மாசத்தோட முடியுது அக்கா. திரும்பி வர டிக்கெட் போடப் போனா, வானளவு பத்தாதுன்னு வருது."

கவின்ராஜ் வேலை பார்ப்பது தென் அமெரிக்காவின் வால் நுனியில் இருக்கிற புன்டா அரினாஸில். அங்கே வருடம் முழுக்கக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றையும் கடல் நீரையும் வைத்து, புகை கக்காத விமான எரிபொருள் தயாரிக்கிறது ஒரு கம்பெனி. அதில் நம் பக்கத்து ஆட்கள்தான் அதிகம். விமானத்தைச் சுத்தமாக்குகிற எரிபொருளை இவர்கள் செய்கிறார்கள், அதை ஊற்றிக்கொண்டு வேறு யாரோ பறக்கிறார்கள். அப்படிப் பறப்பதும் வானளவில் சேரும் என்றாலும், நேர் விமானத்தில் போகிறவனுக்கு அது உறைக்காது.

கம்பெனி ஆள் எடுக்கும்போது தன்னுடைய சொந்த விமானத்தைத் திருச்சிக்கே அனுப்பும். அது தெற்கே இறங்கி, பனிக்கண்டத்தின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நேராக அங்கே போய் நிற்கும். பதினாலாயிரத்து அறுநூறு கிலோமீட்டர். ஆட்களை இறக்கிவிட்டு, எரிபொருளை ஏற்றிக்கொண்டு வேறு தேசத்துக்குப் போய்விடும். திரும்பி வருகிற ஆள் பொது விமானத்தில்தான் வரவேண்டும். சாண்டியாகோ, சாவோ பாவ்லோ, துபாய், திருச்சி. கிட்டத்தட்ட இருபதாயிரம்.

கவின்ராஜ் போன தூரத்தை இரண்டால் பெருக்கி மனக்கணக்குப் போட்டிருக்கிறான். யார்தான் போடமாட்டார்கள்? துறையூருக்குப் போகிற தூரம்தானே துறையூரிலிருந்து வருகிற தூரமும்? காது குத்துக்கு ஊருக்கு வந்து, அக்கம்பக்கம் எல்லாம் பார்க்க மருமகனை மடியில் வைத்துக்கொண்டு, திரும்பவும் கம்பெனி விமானத்தில் போய்விட்டான். அவன் ஊருக்கு வந்த அந்த வருகையின் தூரம் ஏறியதே பல மாதம் கழித்துத்தான். விமானக் கம்பெனிகள் கணக்கு அனுப்பும் அழகு அப்படி. டிக்கெட் போட்ட நானும் அப்போது கூட்டிப் பார்க்கவில்லை. இப்போது அவனிடம் மீதி இருப்பது பதினைந்தாயிரத்துச் சொச்சம். வருவதற்கு வேண்டியது இருபதாயிரம்.

"கப்பல்ல வர முடியாதாக்கா?" என்று அபிநயா கேட்டாள்.

"அங்கேருந்து ஆள் ஏத்தற கப்பல் நின்னு எத்தனையோ வருஷமாச்சும்மா. பாதி வழி பஸ்ஸுல வரலாம்னா, நடு தேசத்துல வெளிய எறங்க விசா குடுக்க மாட்டாங்க."

"அப்ப அளவு தீந்து போனவங்கல்லாம் என்னதான் பண்றாங்க?"

பதில் ஹர்ஷினியிடமிருந்து வந்தது. "அங்கயே இருந்துக்க வேண்டியதுதான். தங்கல்காரங்கன்னு பேராம். கம்பெனி குடுக்கற ரூம்ல, கம்பெனி சொல்ற சம்பளத்துக்கு, சாகற வரைக்கும். அவரு போன் பண்ணி அழுவுறாருக்கா. ஆறடி ஆம்பள." உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு நாத்தனாரை முறைத்தாள். அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள்.

கைப்பேசியில் கவின்ராஜைக் கூப்பிட்டேன். மறுமுனையில் ஹோவென்று காற்று.

"அக்கா, சத்தமா பேசுங்க. இங்க ஒண்ணும் கேக்காது."

"எல்லாம் கேள்விப்பட்டேன் தம்பி."

"எனக்கு மீதி பதினஞ்சாயிரம் இருக்குக்கா. நான் இங்க வந்ததே அதுக்குள்ளதானே? அதே வழியில திரும்பி வந்தா போதும்ல? நான் என்ன எக்ஸ்ட்ராவா கேட்டேன்?"

"கம்பெனி பிளைட்ல ஏத்திக்க மாட்டாங்களா?"

"கேட்டேன். வரும்போது அது ஆள் ஏத்தற வண்டி, போகும்போது சரக்கு வண்டிங்கறாங்க." பிறகு வேறு குரலில் கேட்டான். "ஸ்பீக்கர்ல இருக்கா?"

எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

"ஹர்ஷினிகிட்ட சொல்லுங்கக்கா, அபியத் திட்ட வேணாம்னு. அவ வாய்விட்டுக் கூப்பிடக்கூட இல்ல. நானாத்தான் கெளம்பி வந்தேன். தாய்மாமன் நான் உசுரோட இருக்கையில எம் மருமவன் இன்னொருத்தன் மடியில உக்காரவா?"

ஒரு மனிதன் தங்கை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டதற்குத் தண்டனை, அவன் பெற்ற பிள்ளையைப் பார்க்காமலே சாவது. ஹர்ஷினியின் மகள் ஆதினிக்கு அப்போது நான்கு வயது. "நாளைக்கே மெட்ராஸ் போறோம். ரெண்டு பேரும் கெளம்புங்க" என்றேன்.

வானளவு ஆணையத்தின் அலுவலகம் கிண்டியில் இருந்தது. உள்ளே போனால் ஜில்லென்று குளிர். நாட்டுக்கெல்லாம் வெப்பத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்த அதிகாரியின் பெயர் மகிழ்நன். நாற்பது வயது இருக்கும். கத்துவார், விரட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனோம். மனிதர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, மூன்று பேருக்கும் டீ வரவழைத்தார். அப்படிப்பட்டவரிடம் சண்டை போடுவது இன்னும் கஷ்டம்.

விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மேசைமேல் இருந்த சின்ன உலக உருண்டையைப் பக்கத்தில் இழுத்து, ஒரு நூலை எடுத்து, ஒரு முனையை நம் ஊரிலும் மறு முனையைப் புன்டா அரினாஸிலும் வைத்து விறைப்பாகப் பிடித்தார். நூல் இந்தியப் பெருங்கடலில் இறங்கி, பனிக்கண்டத்தின் விளிம்பில் உரசி, அந்தப் பக்கம் ஏறியது.

"மேப்புல பாத்தா குறுக்கால மேற்க போகணும்னு தோணும். உருண்டைல இதுதான் ரொம்பக் குறைஞ்ச தூரம். கம்பெனி விமானம் இந்த வழியாத்தான் போகுது" என்றார்.

"அப்ப ரெண்டு ஊருக்கும் நடுவுல உள்ள தூரம் இதானே சார்? வரும்போதும் இதத்தானே எண்ணணும்?"

"நூல் பறக்காது மேடம். விமானம்தான் பறக்குது. அது எந்த வழியா பறந்து எவ்வளவு எரிச்சுதோ, அத எண்ணறதுதான் எங்க வேலை."

"அவன் ஆசப்பட்டா சுத்தி வரான்? நேரா வர வண்டி இல்ல. வுட்டா நடந்தே வந்துருவான் சார்."

"புரியுது. ஆனா துபாய்க்கும் சாவோ பாவ்லோவுக்கும் போன விமானம் போனதுதானே? அதுல அவரு உக்காந்திருந்தாரா இல்லையா?"

இப்படித்தான் எது கேட்டாலும் வழுக்கிக்கொண்டே போனார். எதுவும் பொய் இல்லை. எதுவும் ஒழுங்கும் இல்லை. பக்கத்தில் ஹர்ஷினி சேலை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது.

"சார், அதே ரெண்டு ஊரு. போறப்ப பதினாலாயிரம், வரப்ப இருபதாயிரம். வெளிய போயி நாலு பேருகிட்ட சொல்லுங்க, சிரிப்பாங்களா மாட்டாங்களா? ஆளு வேணும்னா பூமி சுருங்குது, ஆளு வேணாம்னா பூமி வீங்குதா? ரெண்டு தூரமும் ஒண்ணா இருக்கணும் சார். அதுதான் நியாயம். அத மட்டும் பண்ணுங்க, வேற ஒண்ணும் கேக்கல!"

கடைசி வார்த்தைக்கு மேசையில் ஒரு குத்து விட்டிருக்கிறேன். டீ தட்டில் சிந்தியது. மகிழ்நன் ஒரு காகிதத்தை எடுத்து அதைத் துடைத்தார். கோபமே இல்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவுதான் வந்தது, கணக்கு விடை கிடைத்த பையன்போல.

"போற தூரமும் வர தூரமும் சமமா இருக்கணும். அதான் உங்க கோரிக்கை?"

"ஆமா."

"நீங்களும் அதத்தான் கேக்கறீங்களாம்மா?"

ஹர்ஷினி கையெடுத்துக் கும்பிட்டாள். அபிநயாவும் கும்பிட்டாள்.

"நியாயமான கோரிக்கை. இந்த முரண்பாட்ட நாங்களே கவனிச்சிருக்கணும். நானே மேலிடத்துக்கு எழுதறேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் விக்கிரவாண்டியில் பேருந்து நின்றபோது அபிநயா ஓடிப் போய் அண்ணிக்குப் பரோட்டா வாங்கி வந்தாள். ஹர்ஷினி அதைப் பிய்த்து முதல் வாய் நாத்தனாருக்கு ஊட்டினாள். காது குத்தில் கவின்ராஜ் மடியிலேயே மருமகன் மூத்திரம் போனதைச் சொல்லி இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசையில் குத்தினால் வேலை நடக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. என் கோபத்தை நானே மெச்சிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. 'திருச்சி, புன்டா அரினாஸ் இடையே இரு திசைத் தூரங்களும் சமப்படுத்தப்பட்டன. முந்தைய பயணங்களுக்கும் இது பொருந்தும்.' அபிநயா ஒரு பெட்டி ஜிலேபியோடு கடைக்கு வந்து, பக்கத்து ஜெராக்ஸ் கடை, ஜூஸ் கடை எல்லாருக்கும் கொடுத்தாள். ஹர்ஷினி ஆதினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். டிக்கெட்டை அப்போதே போட்டுவிடலாம் என்று கவின்ராஜின் பெயரைத் திரையில் தட்டினேன்.

மீதி வானளவு ஐயாயிரத்துச் சொச்சம் என்று வந்தது.

இயந்திரம் தப்பாகக் காட்டுகிறது என்று நினைத்து மறுபடி தட்டினேன். அதே எண். ஜிலேபிப் பாகு ஒட்டிய விரலோடு மகிழ்நனைக் கூப்பிட்டேன்.

"சார், என்னமோ தப்பு நடந்திருக்கு. பதினஞ்சாயிரம் இருந்த எடத்துல ஐயாயிரம்னு காட்டுது."

"தப்பு இல்ல மேடம். நீங்க கேட்ட மாதிரி ரெண்டையும் சமம் பண்ணியாச்சு. இனிமே வரதும் இருபதாயிரம், போறதும் இருபதாயிரம்."

அவரே தொடர்ந்தார். "பொது விமானத்துல அங்க போறவங்களுக்கு எப்பவும் இருபதாயிரம்தான் எண்ணினோம். கம்பெனி விமானத்துல போனவங்களுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. அது ஏன் இருக்கணும்னு நீங்கதான் கேட்டீங்க. குழுவுல எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உங்க மனுவ மேற்கோள் காட்டியே உத்தரவு போட்டிருக்காங்க."

"அடப்பாவிகளா! வரத கொறைக்கச் சொன்னா, போறத ஏத்தி வெச்சிருக்கீங்களே!"

"எதக் குறைக்கணும்னு நீங்க சொல்லல மேடம். சமமா இருக்கணும்னுதான் சொன்னீங்க. குறைச்சா வானத்துக்கு நட்டம். ஏத்தினா நட்டம் இல்ல."

கைப்பேசியை வைத்துவிட்டேன். வைத்தேன் என்றா சொன்னேன்? சுவரில் எறிந்தேன். அது உடையவில்லை, அதுகூட எனக்கு ஆத்திரமாக இருந்தது. கவின்ராஜ் இரண்டு தடவை போனதற்கும் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பழைய கணக்கிலிருந்து உருவிவிட்டார்கள். ஒரு நடை குறைந்த தூரத்துக்காகச் சண்டை போடப் போய், இருந்ததையும் பறிகொடுத்துவிட்டு நிற்கிறோம். நீதி கேட்டால் இவர்கள் நீதி கொடுக்கவும் செய்கிறார்கள். அதை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டிக் கொடுப்பது என்பதை மட்டும் அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள்.

அபிநயா மிச்ச ஜிலேபியைப் பெட்டியோடு கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். ஹர்ஷினி மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இது கவின்ராஜோடு நிற்கவில்லை. உத்தரவு எல்லாருக்கும் பொருந்தும் என்பது எனக்கு மறுநாள்தான் மண்டையில் உறைத்தது. கடை திறக்க வந்தால் வாசலில் கூட்டம். லால்குடி, முசிறி, பெரம்பலூர், அரியலூர். புருஷனை அனுப்பியவர்கள், மகனை அனுப்பியவர்கள். நேற்றுவரை திரும்பி வரப் போதுமான அளவு அவர்கள் வீட்டு ஆட்களுக்கு இருந்தது. இன்றைக்கு இல்லை. அங்கே அந்தக் கம்பெனி முதலாளிக்கு ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான தங்கல்காரர்கள் கிடைத்துவிட்டார்கள். இதற்கு அவன் யாருக்கும் லஞ்சம்கூடக் கொடுத்திருக்க வேண்டியதில்லை. நான்தான் இலவசமாகப் போய் மேசையில் குத்திவிட்டு வந்தேனே.

"ஒரு ஆளக் கொண்டாரேன்னு ஊரையே முழுகடிச்சிட்டியேடி ஜெசிந்தா!" என்று லால்குடிக்காரி ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். அவள் பெயர் அமலோற்பவம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் உட்காருகிறவள். "எம் மவன் தையில வரேன்னான். பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். இப்ப அந்தப் பொண்ணு வீட்டுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

என்னத்தைச் சொல்வது? திட்டுங்கள் என்று நின்றேன். அவர்கள் கோபத்துக்கு மகிழ்நன் கைக்கு எட்டமாட்டான், நான்தான் எட்டுவேன். கடைக்குள் வந்து நாற்காலியிலும் தரையிலும் உட்கார்ந்துகொண்டார்கள். யாரும் போகவில்லை. போய் என்ன செய்வது என்று தெரியாததால் அங்கேயே இருந்தார்கள்.

அப்போதுதான் ஹர்ஷினி வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஆதினியை மடியில் வைத்துக்கொண்டாள். பின்னாலேயே அபிநயா அழுதுகொண்டு வந்தாள்.

"எனக்கும் பாப்பாவுக்கும் டிக்கெட் போடுங்கக்கா. போறதுக்கு மட்டும்."

"கொஞ்சம் பொறு. அவசரப்படாத. கோர்ட்டுக்குப் போவோம், நான் ஒரு வக்கீலப் பாத்து..."

"நீங்க சண்டை போட்டது போதும்க்கா."

அது நியாயம். வாயை மூடிக்கொண்டு திரையைத் திறந்தேன். இரண்டு ஊரின் பெயரையும் தட்டினேன். 'போக மட்டும்' என்று அழுத்தினேன். இருபதாயிரம் என்று தூரம் வந்தது. அதற்குக் கீழே இதுவரை நான் பார்க்காத ஒரு வரி இருந்தது. 'நிலையாகத் தங்கவா?' என்ன இது என்று அழுத்திப் பார்த்தேன். விமானம் மாறியது. திருச்சியிலிருந்து நேராக, கம்பெனி விமானம். தூரம் என்ற இடத்தில் பூஜ்யம் என்று வந்து நின்றது.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பூஜ்யம்தான். மகிழ்நனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"அது இந்த வாரம் வந்த திட்டம் மேடம். தங்கல்காரங்க குடும்பத்துக்கு" என்றார், அதே மரியாதையான குரலில். "திரும்பி வராதவங்க இன்னொரு தடவை வானத்துல புகை விடப் போறதில்ல. அதனால அவங்க போறத நாங்க எண்ணறதில்ல."

"நாலு வயசுப் புள்ள சார் இது. இன்னும் ஒரு கிலோமீட்டர்கூடப் பறக்கல. அதோட எழுபதாயிரம் என்ன ஆவும்?"

"ரத்தாயிடும். பொது அளவுல சேரும்."

"பொது அளவுன்னா?"

"அத்தியாவசியப் பயணிகளுக்குப் பகிர்ந்து குடுப்போம். அவங்களுக்கு ஒரு ஆயுள் அளவு பத்தறதில்ல, இல்லையா?"

கைப்பேசியை அணைத்தேன். பதினாலாயிரமா இருபதாயிரமா என்று நாங்கள் நூல் பிடித்து அடித்துக்கொண்டிருந்தோம். அவர்களுக்கு வேண்டியிருந்தால் அதே தூரத்தைப் பூஜ்யமாக்க ஒரு வரி போதுமாம். பனிக்கண்டம் இல்லை, பெருங்கடல் இல்லை, ஒன்றுமே இல்லை. திரும்பி வரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையின் ஆகாயத்தை எழுதி வாங்கிக்கொண்டு, எவனோ ஒரு அத்தியாவசியப் பயணி ஜன்னலோரம் சாய்ந்து படுத்துத் தூங்கப் போகிறான்.

"நான் அழுத்த மாட்டேன்" என்றேன். "என் கையால இந்தப் புள்ளைய ஒரு வழியா அனுப்ப மாட்டேன். வேற கடைக்குப் போ."

ஹர்ஷினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

"எனக்குக் கோவம் வராதுன்னு நெனைக்கறீங்களா? உங்களவிட எனக்குத்தான் கோவம். அந்தாளு நூல வெச்சு வெளையாண்டப்பவே அந்த உருண்டையத் தூக்கி மண்டையில போடணும்போல இருந்துச்சு. ஆனா நான் கோவப்பட்டுக்கிட்டு இங்க உக்காந்திருந்தா, அங்க அவரு ஒத்தையில கெடந்து சாவாரு. ஒரு நாளு இவளுக்கு அப்பா மொகமே மறந்து போயிரும். வானமா அவரான்னு கேட்டா, எனக்கு வானம் வேணாம்க்கா. எனக்கு அவரு வேணும். அழுத்துங்க."

"அண்ணி, ஆதினிய மட்டுமாவது எங்கிட்ட வுட்டுட்டுப் போங்க" என்று அபிநயா அவள் காலடியில் உட்கார்ந்து கெஞ்சினாள். "எம் புள்ளையோட புள்ளையா வளத்துர்றேன். சத்தியமா."

ஹர்ஷினி நாத்தனாரின் தலையைத் தன் தொடையில் சாய்த்துக்கொண்டாள். "உன்மேல கோவம் இல்லடி" என்றாள். மகளை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

அழுத்தினேன். வேறு என்ன செய்ய? இரண்டு பெயர்கள் ஏறின. இரண்டு பெயருக்கும் எதிரே இருந்த எழுபதாயிரம் அழிந்தது. 'இனிய பயணம்' என்று திரை வாழ்த்தியது. அதன் வாயில் அடிக்க வேண்டும்போல இருந்தது.

ஹர்ஷினி எழுந்து ஆதினியை இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவள் எழுந்த நாற்காலியில் அமலோற்பவம் வந்து உட்கார்ந்தாள், என்னை மண் வாரித் தூற்றிய அதே அமலோற்பவம். மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, தன் வானளவு அட்டையை என் பக்கம் தள்ளினாள்.

"அந்தப் பூஜ்யத்துல எனக்கும் ஒண்ணு போடு ஜெசிந்தா. எம் மவனுக்குப் பாத்த பொண்ணு வீட்லயும் போன் போட்டுக் கேட்டுட்டேன். அவளும் வராளாம்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள்.